சுண்ணாம்புப் பேணி

யோகம்மாவின் பெருவிரலில் ரேகை கிடையாது. நிவாரண அட்டைக்குப் பெருவிரல் அடையாளம் வைக்கச் சொன்ன கிராம அலுவலர் விதானையார், தாளில் வெறும் மைப்பொட்டு விழுந்ததைக் கண்டு, "என்ன பிள்ளை, கள்ளர் மாதிரி ரேகையை அழிச்சுப்போட்டு வந்து நிக்கிறீர்?" என்று பகிடி விட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யோகம்மாவும் சிரித்தாள். இடம்பெயர்ந்து போன சனம் புளியங்கூடலுக்கு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிக்கொண்டிருந்த 1996ஆம் ஆண்டு அது. அப்போதெல்லாம் அவளால் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்க முடிந்தது.

ரேகையைத் தின்றது சுண்ணாம்பு. தகப்பன் வல்லிபுரம் பனை சீவுகிறவர். பாளையிலிருந்து வடியும் சாறு மண் முட்டிக்குள் விழுந்த நேரத்திலிருந்தே புளிக்கத் தொடங்கிவிடும், இறக்கும்போது கள்ளு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் புளிப்பு தலைகாட்டாது; இறங்குவது இனிப்பான கருப்பணி. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவது பத்து வயதிலிருந்து யோகம்மாவின் வேலை. கூடப் பூசினால் கருப்பணி கைக்கும், குறையப் பூசினால் புளிக்கும். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்து எந்த முட்டியில் எவ்வளவு குறைந்தது என்று சொல்லிவிடுவாள். புளிப்புக்குச் சுண்ணாம்பு எதிரி என்பதை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்துதான் படித்தாள். விரல் வெடித்து எரியும்போது நல்லெண்ணெய் பூசிக்கொண்டு அடுத்த முட்டியை எடுப்பாள்.

புருஷன் அரியநாயகம் வேறு மாதிரி. மனிதருக்கு வாய் ஓயாது. ஊரில் கரண்ட் இல்லாத காலத்தில் சந்தியில் ஒரு ஜெனரேற்றரை வைத்துக்கொண்டு பற்றறி சார்ஜ் பண்ணிக் கொடுக்கும் கடை போட்டார். ரேடியோவுக்கும் குழல் விளக்குக்கும் ஊர் முழுக்கப் பற்றறிதான். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். சார்ஜ் ஏறும்வரை அரியநாயகத்தின் உலக அரசியலைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டு முற்றத்தில் யோகம்மா கருப்பணி காய்ச்சுவாள். ஆறு வயது மகள் பிரியவதனி இரண்டுக்கும் நடுவே ஓடித் திரிவாள். வசதி இல்லை, ஆனாலும் அதை நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பற்றறிக்கு ஊற்றும் அசிற்றை நினைத்தபடி வாங்கிவிட ஏலாது. கடற்படை முகாமில் கடிதம் வாங்க வேண்டும், எத்தனை கான் என்று கணக்கு எழுதிக் காட்ட வேண்டும். வழக்கமாக வருவது தண்ணீர் கலந்து ஆயத்தமாக இருக்கும் அசிற். 1997 ஆடியில் மாதக்கணக்காக அதுவும் வராமல் இருந்து, கடைசியில் யாரோ ஒருவர் மூலம் கடிதத்தோடு ஒரு கண்ணாடிச் சாடி வந்து சேர்ந்தது. கலக்காத முழு அசிற். தண்ணீருக்குள் அசிற்றைச் சிறுகச் சிறுக விட்டுக் கலக்க வேண்டும். ஒருநாளும் மறுவளமாகச் செய்யக்கூடாது. இது அரியநாயகத்துக்குத் தெரியாததல்ல. வாசலில் நின்ற நாலைந்து பேருக்கு இதே விஷயத்தைத்தான் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். விளக்குகிற மும்முரத்தில் சாடியைப் பீங்கான் சட்டிக்குள் முதலில் கவிழ்த்துவிட்டு, அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். வாய்க்கும் கைக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்தால் இப்படித்தான்.

சட்டி கொதித்துச் சீறிற்று. சீறியது நேரே முகத்தில் பட்டது.

"ஐயோ! தண்ணி ஊத்த வெடிச்சுது! தண்ணி ஊத்த வெடிச்சுது!"

யோகம்மா ஓடிவரும்போது அவர் இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டு நிலத்தில் உருண்டார். குசினி வாசலில் நிறைகுடம் தண்ணீர் இருந்தது. அவள் அதைத் தாண்டி ஓடினாள். தண்ணீர் பட்டுத்தான் வெடித்தது என்று மனிதர் கத்துகிறாரே, அந்தத் தண்ணீரைக் கண்ணில் ஊற்றுவதா? அசிற் என்றால் புளிப்பு. எந்தப் புளிப்பையும் அடக்கும் சாமான் அவளுடைய கைக்கெட்டிய தூரத்தில் ஒரு சட்டி நிறைய இருந்தது. நாலு விரலாலும் சுண்ணாம்பை வழித்தெடுத்து வந்து, அவருடைய கையை விலக்கி, வலக்கண்ணுக்குள் அப்பி, உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள்.

அரியநாயகம் போட்ட சத்தத்தில் தெருவுக்கு அந்தப் பக்கத்து மாடு கயிறறுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள். அடுத்த கண்ணைத் திறக்க அவர் விடவில்லை. அதற்குள் வாசலில் நின்ற ஒருவர் குடத்தைத் தூக்கி வந்து முகத்தில் சாய்த்தார். இடக்கண்ணில் தண்ணீர் ஊற்றாக ஓடியது. வலக்கண்ணை யோகம்மாவின் கை விடாமல் பொத்திக்கொண்டிருந்தது. விரலைத் தின்பது கண்ணை விடுமா என்று ஒரு கணம், ஒரேயொரு கணம், அந்த மனுஷி யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவள் அன்பால்தான் அப்படி அழுத்தினாள். அதுதான் பின்னால் அவளைத் தின்றது.

முதலில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி, அங்கிருந்து சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. கண் டொக்டர் வலது இமையைப் புரட்டிப் பஞ்சால் ஒற்றி ஒற்றி வெள்ளை வெள்ளையாக எதையோ எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு யோகம்மாவை வெளி விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"கண்ணுக்கை என்ன போட்டனீங்கள்?"

"சுண்ணாம்பு, டொக்டர். அசிற்றை முறிக்கிறதுக்கு."

அவர் ஏசவில்லை. களைத்துப்போன ஆள், உள்ளே கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்திருந்தார்கள். "அம்மா, ரெண்டு கண்ணிலையும் பட்டது ஒரே அசிற்தான். இடக்கண் சுகமாகிவிடும். வலக்கண் இனி வராது. அசிற் சுட்டால், சுட்ட இடமே ஒரு தோல் மாதிரி இறுகி மிச்ச அசிற்றை உள்ளுக்கை விடாமல் ஓரளவுக்குத் தடுத்துப்போடும். சுண்ணாம்பு அப்பிடியில்லை. அது தசையைச் சவர்க்காரம் மாதிரி வழுவழுப்பாக்கி, உள்ளுக்கை இறங்கிக்கொண்டே போகும். நிக்காது."

அவளுக்கு அந்த வழுவழுப்புத் தெரியும். முப்பது வருடமாக அவளுடைய விரல் நுனியில் இருந்த வழுவழுப்பு.

"தண்ணி பட்டுத்தானே டொக்டர் வெடிச்சது?"

"சட்டி அசிற்றுக்குள்ளை கொஞ்சத் தண்ணி விட்டால் கொதிச்சு வெடிக்கும். கண்ணிலை பட்ட சொட்டு அசிற்றுக்கு வாளி வாளியாத் தண்ணி ஊத்தினால் அது கரைஞ்சு ஓடிப்போயிடும். அதுமட்டும்தான் செய்யவேணும்." பிறகு குரலைத் தணித்தார். "நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. ஆனால் இனி ஆரும் இப்பிடிச் செய்யாமல் உங்கடை ஊரிலை சொல்லுங்கோ."

கட்டு அவிழ்க்கும் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று யோகம்மா மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். ஒன்பதாம் நாள் இடக்கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். அரியநாயகம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அவளைத் தேடிப் பிடித்தார். பக்கத்துக் கட்டில்காரரைத் திரும்பிப் பார்த்து, "இவதான் அண்ணை என்ர மனிசி. இவ ஓடிவந்து சுண்ணாம்பு போட்டிருக்காட்டி இந்தக் கண்ணும் போயிருக்கும்" என்றார். அந்த வேதனையில் எந்தக் கண்ணுக்குள் எது போனது என்று அவர் அறியார்; இருட்டில் கிடந்த ஒன்பது நாளில் நடந்தது எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த மட்டில் விளக்கி முடித்துவிட்டார்: வலது பக்கம் அசிற் கூடப் பட்டுவிட்டது, இடது பக்கத்தைச் சுண்ணாம்பு காப்பாற்றியது. யோகம்மாவின் கையைப் பிடித்து, வெடித்த விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கல்யாணம் கட்டி அத்தனை வருடத்தில் பத்துப் பேர் பார்க்க அவர் அப்படிச் செய்ததில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளை என்பதற்கு எல்லை ஏது?

கடை திரும்பவும் திறந்தது. அரியநாயகத்திடம் இப்போது உலக அரசியலை விட நல்ல கதை ஒன்று இருந்தது. கேட்டவர்களில் முதல் ஆள் அல்போன்சம்மா. ஊர்காவற்றுறைக் கரையிலிருந்து கடகத்தில் மீன் கொண்டுவந்து சந்தியில் இருந்து விற்பவள். வெற்றிலை வாய், பெரிய மனது, அதைவிடப் பெரிய குரல். அவளுடைய மீன் போன வீட்டுக்கெல்லாம் இந்தக் கதையும் போனது. அசிற் பட்டால் சுண்ணாம்பு போடு. யோகம்மா புருஷனின் கண்ணைக் காத்தது அப்படித்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. யோகம்மா மூடப் போகவுமில்லை.

அத்தோடு நிற்கவில்லை. அரியநாயகம் வெறுமையான ஒரு பால்மாத் தகரப் பேணியைக் கழுவிக் கம்பி போட்டுக் கடைச் சுவரில் தொங்கவிட்டார். "இதுக்குள்ளை எந்த நேரமும் நல்ல சுண்ணாம்பு இருக்கவேணும், யோகம். ஆருக்கு எப்ப என்ன நடக்குமோ தெரியாது. உம்மடை பொறுப்பு."

அன்று அவள் பேணியைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். டொக்டர் சொன்னது காதுக்குள் கேட்டது. பிறகு எழும்பி, கோதுமைமாவைத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, பேணிக்குள் அப்பிக் கொண்டுபோய்த் தொங்கவிட்டாள். பார்த்தால் சுண்ணாம்பு மாதிரியே இருந்தது. மாக் களி புளித்து மணக்கத் தொடங்குவதற்கு முன்னம், இரண்டு நாளைக்கொருக்கால் மாற்ற வேண்டும். மாற்றினாள். பத்து வருடத்துக்கு மேல் மாற்றினாள். அந்தப் பேணியில் ஒருவருக்கும் ஆபத்து வராது என்று தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொல்லத் துணிவில்லாதவர்கள் இப்படி ஏதாவது ஒரு நல்ல காரியத்தைப் பிடித்துக்கொள்வது வழக்கம்தான்.

வீதியில் போகும்போது அவள் எப்போதும் அவருக்கு வலப்பக்கமாக நடந்தாள். பார்வையில்லாத பக்கம். சைக்கிள் வந்தால் முழங்கையில் ஒரு தட்டு, பள்ளம் வந்தால் இரண்டு தட்டு. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. "என்ர வலக்கண் இவதான்" என்று கோயிலடியில் சொல்லிச் சிரிப்பார். சுற்றி நிற்பவர்களும் சிரிப்பார்கள்; யோகம்மா செருப்பைத் தேடிக் குனிவாள்.

2005இல் பிரியவதனி பத்தாம் வகுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் ஓடி வந்தாள்.

"அம்மா, நீங்கள் அப்பாவுக்குச் செய்தது என்ன தெரியுமோ? நடுநிலையாக்கம்! அமிலமும், சுண்ணாம்பு மாதிரி மூலமும் சேர்ந்தால் உப்பும் தண்ணியும். ரீச்சர் என்னை எழுப்பி அப்பாவின்ர கதையைச் சொல்லச் சொன்னவா. எல்லாரும் கை தட்டினவை!"

"போய் முகத்தைக் கழுவு."

"இஞ்சை பாருங்கோவன், பாசிச்சாயத்தாள் தந்தவா. சிவப்புத் தாள் சுண்ணாம்பிலை பட்டால் நீலமாகும்." சொல்லிக்கொண்டே பிள்ளை கடைப்பக்கம் போய்ச் சுவரில் தொங்கிய பேணியை எட்டி எடுத்தாள்.

யோகம்மா பாய்ந்து போய்ப் பேணியைப் பறித்தாள். மாவில் தோய்த்த தாள் நீலமாகாது என்று அவளுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. "கடைச் சாமானிலை விளையாடாதை! வேணுமெண்டால் முட்டிக்குப் பூசுறதிலை பார்." சுண்ணாம்புச் சட்டியைத் தள்ளிக் கொடுத்தாள். தாள் தொட்டவுடன் நீலமானது. பிரியவதனி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தகப்பனிடம் காட்ட ஓடினாள். புத்தகத்தில் இருந்தது பிழையில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் எல்லாம் உப்பும் தண்ணீருமாகத்தான் முடியும். கண் கண்ணாடிக் குழாயில்லை என்று அந்த வகுப்பில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் குசினிக்குள் பேணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

2008 மாசியில் ஒருநாள் காலை. பிரியவதனி யாழ்ப்பாணத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அல்போன்சம்மா சந்தியில் மீன் கடகத்தோடு இருந்தாள். அவளுடைய மகள் அன்ரனிட்டா வீட்டுப் பற்றறியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். கைக்குழந்தைக்காரி, பிள்ளையைத் தாயின் மடியில் விட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். கயிறு ஒரு பக்கம் உருவ, பற்றறி கவிழ்ந்தது. மூடிகளால் தெறித்த அசிற் அவளுடைய முகத்தில் பட்டது.

"அம்மா! கண்! கண்!"

"பதறாதை பிள்ளை!" என்று அரியநாயகம் கடைக்குள்ளிருந்து கத்தினார். "யோகம், பேணியை எடும்! கெதியா!"

யோகம்மா பேணியை எடுக்கவில்லை. கிணற்றடியிலிருந்து வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். ஆனால் அல்போன்சம்மா அவளுக்கு முந்திவிட்டாள். குழந்தையைக் கடைப் படியில் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து, சின்னப் பேணியிலிருந்து ஒரு விரல் நிறையச் சுண்ணாம்பை வழித்தாள். "அந்தப் பேணி காஞ்சு கிடக்கும். இது நேற்று நீற்றினது." மற்றக் கையால் மகளின் இமையைப் பிரித்தாள்.

பத்து வருடத்துக்கு மேலாக அவள் காத்த பேணி சுவரில் சும்மா தொங்கியது. ஊரில் எத்தனை வெற்றிலைப் பை இருக்கிறது என்று யோகம்மா ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

வாளியைப் போட்டுவிட்டு அல்போன்சம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். "போடாதேங்கோ அக்கா! தண்ணிதான் ஊத்தவேணும்!"

"விடடி கையை! உன்ர மனிசனைக் காத்த சுண்ணாம்பு என்ர பிள்ளைக்கு ஆகாதோ?"

"யோகம், உமக்கென்ன விசரோ? விடும் அவவை!" என்று அரியநாயகமும் வந்து தோளில் பிடித்து இழுத்தார். பிடி நழுவத் தொடங்கியது. அன்ரனிட்டாவின் கண்ணுக்கும் அந்த வெள்ளை விரலுக்கும் நடுவில் இரண்டு அங்குலம்கூட இல்லை.

"இவற்ற கண்ணைக் கெடுத்ததே சுண்ணாம்புதான்!" யோகம்மாவின் குரல் கிழிந்தது. "அசிற் இல்லை. நான்தான். நான் போட்ட சுண்ணாம்புதான் கண்ணைத் திண்டது. தண்ணி பட்ட கண் தப்பிச்சுது. டொக்டர் அண்டைக்கே சொன்னவர். நான் சொல்லேல்லை. ஐயோ அக்கா, பிள்ளையின்ர கண்ணை விடுங்கோ!"

அல்போன்சம்மாவின் விரல் நின்றது. தோளில் இருந்த கையும் நின்றது.

யோகம்மா ஒருவரையும் பார்க்கவில்லை. அன்ரனிட்டாவைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, இமையைப் பிரித்து, தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள். அல்போன்சம்மா அழுதுகொண்டே அள்ளி அள்ளிக் கொடுத்தாள். இருபது வாளி, முப்பது வாளி. ஓட்டோ வரும்வரை நிறுத்தவில்லை.

அரியநாயகம் கடைக்குள் தனியே நின்றார். சுவரிலிருந்து பேணியை எடுத்தார். சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்து, நாக்கில் வைத்தார். சுண்ணாம்பென்றால் நாக்கு வெந்திருக்கும். அவர் அதைச் சப்பி விழுங்கினார். பிறகு பேணியைத் தெருவோரக் குப்பைக்குள் எறிந்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

அன்ரனிட்டாவின் கண் தப்பிவிட்டது. ஒரு கிழமை சிவந்திருக்கும், பிறகு சரி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். தண்ணீர் ஊற்றியது ஆர் என்று கேட்டுக் கெட்டிக்காரி என்றும் சொன்னார்களாம். அல்போன்சம்மா வந்து சொல்லிவிட்டு, யோகம்மாவின் முகத்தைப் பார்த்து, ஒரு பெரிய பாரை மீனைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அரியநாயகம் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவள் காலில் விழுந்து அழுதிருப்பாள். கடையில் பற்றறிகளைக் கழுவினார், சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். அத்தனை வருடம் ஓயாத வாய் அந்த நாலு நாளும் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அன்ரனிட்டாவைப் பார்க்கப் போவதென்று அவராகவே சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வாசல் படலையடியில் நின்றார். யோகம்மா ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். இனிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி வரும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. வீதியில் ஏறியதும் பழக்கத்தில் அவருக்கு வலப்பக்கமாகப் போனாள்.

அரியநாயகம் நின்றார்.

"அந்தப் பக்கம் வேண்டாம்" என்றார். "இஞ்சாலை வாரும். எனக்குத் தெரியிற பக்கம் நடவும்."

அவள் பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்தாள். இருவரும் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்கள். அவர் வலக்கையைக் கொஞ்சம் முன்னே நீட்டி, காற்றைத் தடவிக்கொண்டே போனார். எதிரே வந்த சைக்கிள்காரன் மணியடித்தான்; கைப்பிடி அவருடைய முழங்கையில் தட்டியது. யோகம்மா கையை நீட்டினாள், ஆனால் அந்தப் பக்கம் எட்டவில்லை. அவர் சைக்கிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்த ஒற்றைக் கண்ணால் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார்.